எடுத்தது கையில், விட்டது நெஞ்சில்

வில்லியனூர்ச் சந்தைக்கு அவரோடு ஒருமுறை போனவன் மறுமுறை போக மாட்டான். நான் பல முறை போயிருக்கிறேன். அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவம், வேறென்ன செய்ய? கத்தரிக்காய்க் கூறுக்கும் வெண்டைக்காய்க் கூறுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இதில் ஒன்றைத் தொட்டுப் பார்ப்பார், அதில் ஒன்றை ஒடித்துப் பார்ப்பார். விற்கிற பெண் திட்டத் தொடங்கியதும் கத்தரிக்காயை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். பாதி வழி வந்தபிறகு ஆரம்பிக்கும்.

"வெண்டிக்கா நல்ல பிஞ்சு, இல்ல தம்பி?"

"திரும்பிப் போயி அதையும் வாங்கிக்கினு வந்துடலாமே அண்ணே."

"வாணாம், வாணாம். அத்த வாங்கினா கத்திரிக்கா நெனப்பு வந்துடும்."

கையில் கத்தரிக்காய் இருக்கிறதே என்று நான் சொல்வதில்லை. சொல்லிப் பயனில்லை. "எடுத்தது கையில, விட்டது நெஞ்சில. என் தலையெழுத்து அது" என்று அவரே சிரித்துக்கொள்வார்.

நான் அப்போது வில்லியனூர் மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அம்மை வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர். பிரெஞ்சு சர்க்கார் கொடுத்த தோல்பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்தக் கையில குத்தட்டும், சொல்லு ராசா" என்று அதனிடமே கேட்பார். இரண்டு வயதுக் குழந்தை என்ன சொல்லும்? அது வீறிட்டு அழும். இடது கையில் குத்திவிட்டு, சைக்கிளில் ஏறும்போது, "சோத்துக்கையில குத்தியிருந்தா அழுவாம இருந்திருக்குமோ?" என்று தாயிடம் ஒரு சந்தேகத்தையும் விட்டுவிட்டு வருவார். இந்த மனிதரைப் பார்த்து ஒரு ஊரும் பயந்து கதவைச் சாத்தியதில்லை. அம்மை குத்துகிறவர்களில் அது பெரிய விஷயம்.

கல்யாணத்துக்கு அவருக்கு இரண்டு இடம் பார்த்திருந்தார்களாம். ஒன்று ஏம்பலம், இன்னொன்று பாகூர். பாகூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான முதல் வாரத்திலேயே, "ஏம்பலத்துப் பொண்ணு நல்லாக் கோலம் போடும்னாங்க" என்று வாய்விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இருபது வருஷம் அண்ணி கோலம் போடவில்லை. மார்கழியில்கூட வாசலில் வெறும் சாணித் தெளிப்புதான். கேட்டால், "ஏம்பலத்துலேர்ந்து ஆளு வரும், இருங்க" என்பார். ஆனால் அவர் சைக்கிள் மணி கேட்காமல் ஒருநாளும் அண்ணி சாப்பிட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவரிடம்தான் டாக்டர் முசே, அதாவது பிரெஞ்சுக்கார டாக்டர் ஐயா, வானம் பார்க்கிற இரண்டு தூரதரிசனிகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பிரெஞ்சு டாக்டரின் கீழ்தான் இவர் வேலை பார்த்தார். டாக்டருக்கு வானம் பார்க்கிற பைத்தியம். அந்திக்கருக்கலில் தோட்டத்தில் குழாயை நிறுத்தி, இவரையும் கூப்பிட்டுக் காட்டுவார். பைத்தியம் இவருக்கும் தொற்றியது. இப்போது டாக்டர் ஓய்வுபெற்று ஊருக்குக் கப்பலேறப் போகிறார். இரண்டையும் கொண்டுபோக இடமில்லை. ஒன்று உனக்கு, மற்றது நண்பர் ஒருவருக்கு. சனிக்கிழமைக்குள் சொல் என்றாராம்.

சின்னது பித்தளைக் குழாய். வாய் ஒரு தம்ளர் அகலம். மடக்கினால் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போய்விடலாம். பெரியது மரக்குழாய். ஆள் உயரத்துக்கு மேல். வாய் ஒரு சாண் அகலம். அதன் அடியில் சோற்றுத்தட்டுப் போல ஒரு குழிந்த கண்ணாடி, அதன்மேல் வெள்ளி பூசியிருந்தது. தூக்க நான்கு ஆள் வேண்டும், கொண்டுபோக மாட்டுவண்டி வேண்டும். வாய் அகல அகல உள்ளே வருகிற வெளிச்சம் கூடும், கூடக் கூடக் காட்சி பிரகாசமாகும். ஆனால் சுமையும் கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதனுக்குச் சின்னது போதாதா?

திங்கள்கிழமை முழுக்கச் சின்னதுதான் என்றார். செவ்வாய்க்கிழமை பெரியது. புதன்கிழமை தபால்காரரை நிறுத்திக் கேட்டார். வியாழக்கிழமை, அம்மை குத்த வந்த வரிசையில் கைகளைத் தூக்கச்சொல்லி ஊராரின் அபிப்பிராயம் கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். அண்ணியின் தீர்ப்பு ஒரே வரி: "வூட்டுக்குள்ள எது நொழையாதோ அது வாணாம்."

வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சின்னத எடுத்துக்கங்க அண்ணே. விஷயம் முடிஞ்சிது. நாலு நாளா இன்னாத்துக்கு இந்தக் கூத்து?"

அவர் சிரிக்கவில்லை. சைக்கிளின் பிரேக்கை அழுத்துவதும் விடுவதுமாக நின்றார்.

"சின்னது அக்காகிட்ட போவும் தம்பி. ஆனா அக்கா கண்ணுக்குள்ள போவாது. பெருசு கண்ணுக்குள்ள போவும். ஆனா அக்காகிட்ட போவாது."

அவருக்கு ஓர் அக்கா உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சோரியாங்குப்பத்தில், பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டுக்குள் அம்மை வந்தது. தாயைக் கொண்டுபோனது. பன்னிரண்டு வயது அக்காவை விட்டுவிட்டது, ஆனால் முகம் முழுக்கத் தழும்பு. ஒரு கண் போயிற்று, மற்றதில் வெள்ளைப்படலம். அந்த அக்காதான் இவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியவள். கல்யாணம் ஆகவில்லை. இவர் அம்மை குத்துகிற வேலைக்குப் போனது ஏன் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

டாக்டர் வீட்டுக் குழாயில் நிலாவில் மலையும் பள்ளமும் பார்த்ததை இவர் ஊருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். "எனக்கும் காட்டுடா. இந்தக் கண்ணும் மூடிக்கறதுக்கு முன்னாடி காட்டு" என்று அக்கா கேட்டிருக்கிறாள். இவர் சின்னதை இரவல் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டியும் பார்த்துவிட்டார். அவளுக்கு ஒரே மூட்டம். சின்னக் குழாயிலிருந்து கண்ணுக்குள் இறங்குகிற வெளிச்சம் ஊசிபோல மெல்லியது. அவள் கண்ணில் அது எங்கே விழுந்தாலும் படலம் குறுக்கே நின்றது. பெரியதில் அகலமாக இறங்கும், படலம் மெலிந்த இடம் வழியாகத் தெரியலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

"அக்காவ இங்க கூட்டிக்கினு வாங்களேன்."

"முப்பது வருசமா ஊரத் தாண்டல தம்பி. அங்க மூஞ்சி பழகிடிச்சி. வேத்தூர்ல புள்ளைங்க பாத்து அலறுதுங்களாம்."

சனிக்கிழமை பெரியதை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே சின்னதின் புகழ் பாட ஆரம்பித்துவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டுமா?

வளர்பிறை சஷ்டி பார்த்துக் கிளம்பினோம். முழுநிலாவில் பள்ளங்கள் தெரியாது, பாதி நிலாவில்தான் நிழல் விழுந்து தெரியும் என்பது டாக்டர் சொல்லிக்கொடுத்த பாடம். கரும்பு ஏற்றும் வண்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி, குழாயை வெள்ளாட்டுக் கிடாயைக் கட்டுவதுபோல நான்கு இடத்தில் கட்டினார். கண்ணாடியை மட்டும் கழற்றி, வைக்கோல் திணித்த கூடையில் வைத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வெள்ளிப்பூச்சு கடற்காற்றில் ஏற்கெனவே பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதன்மேல் விரல்கூடப் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வில்லியனூரிலிருந்து பாகூருக்கு அப்பால் இருக்கிற சோரியாங்குப்பத்துக்குப் போவதென்றால் நடுவில் இங்கிலீஷ்காரன் மண் குறுக்கிடும். அங்கே சுங்கச்சாவடி. சேவகன் குழாயைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னா இது, பீரங்கியா? உள்ள இன்னா கடத்திக்கினு போற?"

"உள்ள ஒண்ணும் இல்லங்க. நெலா பாக்கற சாமான்."

சேவகன் குனிந்து ஒரு முனையில் கண்ணை வைத்தான். மறுமுனையில் எங்கள் மாட்டின் வால் தெரிந்தது. "ஒண்ணுமில்லதான்" என்று ஒப்புக்கொண்டான். கூடையைத் திறந்ததும் கண்ணாடியில் தன் முகம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிய, மீசையை இரண்டு பக்கமும் நன்றாக முறுக்கிக்கொண்டு எங்களைப் போகவிட்டான். "சின்னதா இருந்தா பைக்குள்ளயே போயிருக்கும்" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தே வந்தேன்.

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு கணம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அது எனக்கு இன்றும் வெட்கம். அவள் அதற்குப் பழகியவள் போல, "வா தம்பி, ஆத்துமீனு கொழம்பு வச்சிக்கிறேன்" என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

சூரியன் இறங்கியதும் குழாயை நிறுத்தினோம். பார்க்கிற துளை உயரத்தில் இருந்ததால் உரலை உருட்டிவந்து, அதன்மேல் அக்காவை ஏற்றினார். ஒரு கையால் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுதா அக்கா?"

அக்கா சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "யப்பா! கண்ணு கூசுதுடா! சூரியனப் பாத்த மாரி ஒரே வெள்ளையாக்குது." மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்துக்கொண்டாள். நாலைந்து தடவைக்குப் பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்துட்டன்டா. நல்லாக்குது. எறக்கிவுடு" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று படுக்கப் போகும்போது, "சின்னதையே எடுத்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"சின்னதுலயும் தெரியலன்னு நீங்கதான சொன்னீங்க! செத்த நேரம் சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன்.

"தெரியல தம்பி. அந்தக் கண்ணு முடிஞ்சி போச்சி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கிரகணம் பார்ப்பதற்குப் புகையேற்றிக் கறுத்த கண்ணாடித்துண்டை எடுக்கிற ஊர் அது. கூச்சத்துக்கு அதை வைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை. மண்டையில் அவ்வளவுதான் இருந்தது.

காலையில் கண்ணாடியைக் கழற்றிக் கூடையில் வைத்து, என்னைக் காவல் வைத்துவிட்டு, திரும்புவதற்கு வண்டி பேசப் போனார். அக்கா வந்து கூடைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளிம்பை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது இன்னா தம்பி, இப்பிடிச் சில்லுனுக்குது?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஓர் ஆசை. "கண்ணாடி அக்கா. மேல பூசியிருக்கறது அசல் வெள்ளி" என்றேன்.

"வெள்ளியா! பழுப்பேறிப் போன மாரிக்குதே."

"கடக்காத்து பட்டா வெள்ளி மங்கிடும் இல்ல?" என்று அதையும் விளக்கிவிட்டு, இரண்டு எட்டில் இருக்கிற பெண்ணையாற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

திரும்பி வந்தபோது அக்கா கண்ணாடியை மடியில் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திருநீற்று மடல், ஒரு சொம்பு தண்ணீர், கையில் பழைய புடவைத் துணி. தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணிடம் மங்கிய வெள்ளியைக் கொடுத்தாலும் அதைத்தான் செய்வாள். குத்துவிளக்கை, குங்குமச்சிமிழை எப்படித் தேய்ப்பார்களோ அப்படி, வட்டம் வட்டமாக, அத்தனை பக்தியாகத் தேய்த்திருந்தாள்.

"எம்மாம் அழுக்கு வருது பாரு தம்பி! அதான் நேத்து ஒண்ணும் தெரியல. நல்ல சாமான இப்பிடியா போட்டு வச்சிக்கிறது?"

துணி கறுப்பாகியிருந்தது. அழுக்கில்லை, அத்தனையும் வெள்ளி. கண்ணாடி வழியாக அவள் புடவையின் கட்டம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் அவர் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னை அடித்தால்கூடத் தேவலை என்று நின்றேன்.

"பளபளன்னு ஆயிடிச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆயிடிச்சிக்கா. நல்லா வெளக்கியிருக்கற" என்றார்.

"அப்போ இன்னிக்கும் இருந்து காட்டிட்டுப் போ. இன்னிக்குத் தெரியும் பாரு."

வெளியே வந்ததும் நான் ஏதோ மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என் தோளைத் தட்டினார். "வுடு தம்பி. சாயங்காலம் ஏத்தி வப்போம். தெரியாட்டி மேகம்னு சொல்லிக்கலாம்."

மாலையில் வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. சரிபாதி நிலா உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. வெறும் கண்ணாடியை ஏதோ சடங்குக்கு வைப்பதுபோல அடியில் பொருத்தினார். குழாயை நிலாப் பக்கம் திருப்பினார், தான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா தானாகவே உரலின்மேல் ஏறினாள். கண்ணை வைத்தாள்.

இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். பக்கத்து வீட்டில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. வெள்ளி போனபின் வெறும் கண்ணாடி வெளிச்சத்தில் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். ஒரு சாண் வாய் அப்படியே இருந்தது. நிலாவின் அளவும் தெளிவும் குறையவில்லை. கண்ணுக்குள் அகலமாகத்தான் இறங்கியது. கூச்சம் மட்டும் போய்விட்டது. டாக்டரும் யோசிக்காத மருந்தை அக்கா திருநீற்றால் தேய்த்து எடுத்திருந்தாள். அந்த நேரத்தில் எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"அக்கா?"

"இருடா." அவள் குரல் சின்னப் பெண்ணின் குரலாகியிருந்தது. "குழியாக்குதுடா. சின்னக் குழி... பெரிய குழி... குழிக்குள்ளயும் குழி. ஓரமெல்லாம் சொரசொரன்னு..." கண்ணை எடுக்காமலே உரலில் காலை மாற்றி ஊன்றிக்கொண்டாள். பிறகு, "இன்னாடா இது, மூஞ்சி பூரா அம்ம வடு!"

அவர் அவள் முதுகிலிருந்த கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுதது எனக்குத் தெரிந்தது. நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

அக்கா சிரித்தாள். உரல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"நெலா மாரி பொண்ணு வோணும், நெலா மாரி பொண்ணு வோணும்னு கேட்டுக்கினு ஏழு பேரு வந்தானுங்களேடா. என் மூஞ்சப் பாத்துட்டுத் தண்ணிகூடக் குடிக்காம எழுந்து போனானுங்களே. அவனுங்களத் தேடிக் கூட்டிக்கினு வாடா. வந்து இத்தப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு, கீழே நின்ற எங்களை மறந்து மறுபடியும் கண்ணை வைத்துக்கொண்டாள்.